மறுவாழ்வு நிலையங்களும் புதிய சட்டமும்

குடிப்பழக்கத்தை நிறுத்தி வைக்கின்றோம் என்று சொல்லிப் பல ஊர்களிலும் நடத்தப்பட்டு வரும் மறுவாழ்வு நிலையங்களைச் சட்டத்துக்குள் கொண்டு வந்ததைப் பற்றி நம் பக்கத்து ஜனங்களிடையே பலவிதமான பேச்சுகள் நடந்து வருகின்றன. நிலையம் வைத்து நடத்துகின்றவர்கள், “சட்டம் எங்கள் கையைக் கட்டிப் போட்டு விட்டது” என்கின்றார்கள். குடிகாரரை வீட்டில் வைத்துக்கொண்டு அவதிப்படுகின்றவர்கள், “இருந்த ஒரு வழியையும் சட்டம் அடைத்து விட்டது” என்கின்றார்கள். உத்தியோகஸ்தர்களோ, “சட்டத்தில் எல்லாம் இருக்கின்றது, ஜனங்கள்தான் தெரிந்து கொள்ளுவதில்லை” என்கின்றார்கள். இம்மூன்று கூற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருக்கின்றது. ஆனால் மூன்றும் முழு உண்மையல்ல என்பது நமது அபிப்பிராயம். ஆதலால் அச்சட்டம் இன்னது, அது யாருக்கு என்ன செய்கின்றது, என்ன செய்யாமல் விட்டிருக்கின்றது என்பதை நமக்குத் தெரிந்த வரையில் எடுத்துச் சொல்ல முன்வருகின்றோம்.

இதை எழுதும்படி நம்மைத் தூண்டியது ஒரு சம்பவமாகும். மல்லாங்கிணறுக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு அம்மாள் சில நாட்களுக்கு முன் நம்மைக் காண வந்திருந்தார். அவருடைய புருஷர் பட்டாசு ஆலையில் மருந்து செலுத்தும் வேலைக்குப் போகின்றவர். சனிக்கிழமை வாங்கும் கூலி திங்கட்கிழமைக்குள் தீர்ந்து போகுமாம். விடிந்து எழுந்தால் கை நடுங்குமாம். குடித்தால்தான் நடுக்கம் நிற்குமாம். அந்த அம்மாள் சொன்னதை அவர் சொன்ன மாதிரியே எழுதுகின்றோம்.

“அண்ணாச்சி, போன ஆடியிலே குலசாமி கோயிலுக்குக் கூட்டிட்டுப் போய்ச் சத்தியம் வாங்கிக் கயிறு கட்டினோம். அன்னைக்கே நிப்பாட்டிட்டாரு. ரெண்டாம் நாளு வலிப்பு வந்து நாக்கைக் கடிச்சிக்கிட்டாரு. மூணாம் நாளு ராத்திரி, சுவத்திலே பூச்சி ஊருதுங்காரு, செத்துப் போன அவுக அய்யா வந்து நிக்காருங்காரு, விடிய விடியத் தூங்கலை. பேய் பிடிச்சிருச்சின்னு தூணிலே கட்டிப் போட்டுட்டாக. பெறகு பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போய்த்தான் உசுரு மிஞ்சுச்சு. இப்போ மறுபடியும் குடிக்காரு. ஒரு மறுவாழ்வு இல்லத்திலே போய்க் கேட்டேன். முன்னேன்னா நாங்களே வேன்லே வந்து தூக்கிட்டு வந்துருவோம், இப்போ சட்டம் வந்துருச்சு, அவரே வந்து கையெழுத்துப் போட்டாத்தான் சேப்போம்னுட்டாக. இன்னொரு இடத்திலே, போர்டு கூட இல்லை, பணத்தைக் கட்டிட்டுப் போங்க, ராத்திரி வந்து தூக்கிக்கிறோம், மூணு மாசத்துக்கு யாரும் பாக்க வரக் கூடாதுங்காக. நான் எதைச் செய்யட்டும் அண்ணாச்சி?”

இதுதான் அந்த அம்மாள் கேட்ட கேள்வி. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாத சட்டம் எவ்வளவு நல்ல சட்டமாயிருந்தாலும் ஏழைக்குப் பிரயோஜனமில்லை என்பதில் சந்தேகமில்லை. ஆதலால் இக்கேள்வியை மனதில் வைத்துக்கொண்டே சட்டத்தைப் பார்ப்போம்.

சட்டத்தின் பெயர் மனநலப் பாதுகாப்புச் சட்டம். இந்திய சர்க்கார் 2017-ம் வருஷத்தில் நிறைவேற்றி 2018-ம் வருஷம் மே மாதம் 29-ந் தேதி முதல் அமலுக்குக் கொண்டு வந்தார்கள். வெள்ளைக்காரர் காலத்து 1912-ம் வருஷத்துப் பைத்தியக்காரர் சட்டமும், அதற்குப் பதிலாக வந்த 1987-ம் வருஷத்துச் சட்டமும் போய், அவைகளின் இடத்தில் இது வந்தது. இச்சட்டத்தில் மனநோய் என்பதற்குச் சொல்லப்பட்டிருக்கும் வியாக்கியானத்தில், மதுவையும் போதைப் பொருள்களையும் தவறாக உபயோகிப்பதால் ஏற்படும் மனநிலைக் கோளாறுகளும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. இந்த ஒரு வரிதான் மறுவாழ்வு நிலையங்களின் தலையெழுத்தை மாற்றிற்று. எப்படியெனில், குடிநோயாளியைச் சேர்த்துத் தங்க வைத்துப் பராமரிக்கும் எந்த இடமும், அது இங்கிலீஷ் வைத்தியமானாலும் சித்த வைத்தியமானாலும் யோகாவானாலும், இச்சட்டப்படி ஒரு மனநல நிலையமாகின்றது. ஆகவே அது மாகாண மனநல ஆணையத்தில் பதிவு செய்து கொண்டாக வேண்டும். பதிவில்லாமல் நடத்தினால் முதல் தடவை 5,000 ரூபாய் முதல் 50,000 ரூபாய் வரையிலும், இரண்டாம் தடவை 2 லட்சம் வரையிலும், அதற்கு மேலும் நடத்தினால் 5 லட்சம் வரையிலும் அபராதம் விதிக்கலாம். சட்டத்தின் மற்ற விதிகளை மீறுகின்றவர்களுக்கு முதல் தடவையே 6 மாதம் வரை சிறை உண்டு.

இனி, உள்ளே சேர்க்கப்பட்டவர்களை எப்படி நடத்த வேண்டும் என்பதற்கு வருவோம். எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது. தனியறையில் போட்டுப் பூட்டக் கூடாது. கட்டாயப்படுத்தி மொட்டையடிக்கக் கூடாது. அவரவர் சொந்தத் துணியை உடுத்திக்கொள்ள விட வேண்டும். கட்டாய வேலை வாங்கக் கூடாது. வேலை செய்தால் கூலி கொடுக்க வேண்டும். இவற்றையெல்லாம் படிக்கின்ற வாசகர்களுக்கு, “இதையெல்லாம் கூடவா சட்டம் போட்டுச் சொல்ல வேண்டும்?” என்று தோன்றலாம். சொல்ல வேண்டி வந்தது என்பதே இந்த நாட்டில் இதுவரை நடந்து வந்ததற்கு அத்தாட்சியாகும்.

தூரம் போக வேண்டியதில்லை. நம் ஜில்லாவுக்கு அடுத்த ராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில் 2001-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 6-ந் தேதி விடியற்காலையில் நடந்ததை நமது வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தர்காவில் வைத்தால் பைத்தியம் தெளியும் என்று நம்பிப் பெற்றோரும் உற்றாரும் கொண்டு வந்து விட்டவர்களை வைத்திருந்த ஒரு இல்லத்தில் தீப்பிடித்தது. கொட்டகை ஓலைக் கொட்டகை. உள்ளே இருந்தவர்களோ சங்கிலியால் பிணைக்கப்பட்டவர்கள். தீயைக் கண்டு புழுப்பூச்சியும் ஓடும். அவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் வெந்து மாண்டார்கள். அதன் பிறகுதான் அங்கிருந்த அப்படிப்பட்ட இல்லங்களை சர்க்கார் மூடினார்கள்; சுப்ரீம் கோர்ட்டு தானாகவே அவ்விஷயத்தைக் கையில் எடுத்துக் கொண்டது. அந்த 28 பேரும் எந்த மதத்தாராயிருந்தாலென்ன? கட்டிப் போட்ட இடம் தர்காவாயிருந்தாலென்ன, கோயிலாயிருந்தாலென்ன, மாதா கோவிலாயிருந்தாலென்ன, மறுவாழ்வு இல்லம் என்று போர்டு போட்ட மாடி வீடாயிருந்தாலென்ன? நெருப்புக்குச் சங்கிலியில் கட்டப்பட்டவன் எல்லாம் ஒன்றே. ஆகவே சங்கிலியை ஒழித்த அளவில் இச்சட்டத்தை நாம் முழு மனதோடு வரவேற்கின்றோம். அதில் யாருடைய ஆட்சேபணைக்கும் இடமில்லை.

நிற்க, நிலையம் நடத்துகின்றவர்கள் சொல்லும் குறைகளையும் நியாயமாக விசாரிக்க வேண்டியது நமது கடமையாகும். அவர்களில் இரண்டு வகையார் உண்டு. ஒரு வகையார், குடும்பத்தாரின் கண்ணீரைக் காசாக்கும் வியாபாரிகள். இரவில் வேன் அனுப்பி ஆளைத் தூக்கி வருவதும், வந்தவனை அடித்து அடக்குவதும், மாதக்கணக்கில் பூட்டி வைத்துப் பணம் வசூல் செய்வதும் இவர்களுடைய வைத்திய முறை. இவர்களுக்குச் சட்டம் கஷ்டமாயிருந்தால் அதற்காக நாம் வருத்தப்பட வேண்டியதில்லை. திருடனுக்குப் பூட்டு கஷ்டம்தான்.

மற்றொரு வகையார் வேறு. தாங்களே ஒரு காலத்தில் குடியில் விழுந்து எழுந்தவர்கள், இன்னொருவன் விழாமலிருக்கட்டுமே என்ற எண்ணத்தோடு வாடகை வீட்டில் பத்துக் கட்டில் போட்டு நடத்துகின்றவர்கள். குடிகாரன் சொல்லும் பொய் எது, அவன் படும் வேதனை எது என்பது புத்தகம் படித்தவனைவிட இவர்களுக்குத் தெரியும். 1935-ம் வருஷத்தில் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் துணையாயிருந்து ஆரம்பித்த சங்கம் இன்று உலகமெங்கும் பரவியிருப்பதும் இந்த அனுபவத்தின் பலத்தினால்தான். இப்படிப்பட்டவர்கள் கேட்பது என்னவென்றால், “மனநல டாக்டர் வேண்டும், நர்சு வேண்டும், ரிக்கார்டு வேண்டும், இன்ன வசதி வேண்டும் என்கின்றீர்கள். பட்டணத்திலேயே மனநல டாக்டருக்குப் பஞ்சமாயிருக்கும்போது, காரியாபட்டிக்கும் அருப்புக்கோட்டைக்கும் நாங்கள் எங்கிருந்து கொண்டு வருவது? அவருக்குக் கொடுக்கும் பணத்தை யார் தலையில் வைப்பது? நோயாளியின் தலையில் வைத்தால் ஏழை வர மாட்டான், எங்கள் தலையில் வைத்தால் நிலையம் நிற்காது” என்பதாகும். இது அலட்சியம் செய்யக் கூடிய வாதமல்ல.

ஆனாலும் டாக்டர் எதற்கு என்பதை இவர்களும் ஜனங்களும் நன்றாய் உணர வேண்டும். பல வருஷமாய்த் தினசரி குடித்து வந்தவன் திடீரென்று நிறுத்தினால், நிறுத்திய சில மணி நேரத்திலேயே நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்கு மூளை குழம்பி, இல்லாத பூச்சி சுவரில் ஊர்வதாகவும், இல்லாத ஆள் வந்து நிற்பதாகவும் தோன்றும், ஜுரம் ஏறும், நாடி படபடக்கும். வைத்தியம் செய்யாவிட்டால் உயிரே போகலாம். சாராயத்துக்கு ஈடு கொடுத்துப் பழகிப்போன மூளை, அது திடீரென்று இல்லாமல் போனவுடன் கட்டுக்கடங்காமல் துள்ளுவதே இதற்குக் காரணம். இதற்கு மருந்து உண்டு. மூளையை அமைதிப்படுத்தும் மாத்திரையை முதலில் கூட்டிக் கொடுத்துப் பிறகு நாளுக்கு நாள் குறைத்துக் கொண்டு வருவார்கள். குடியினால் உடம்பில் அற்றுப் போன தயாமின் என்னும் வைட்டமினையும் கொடுப்பார்கள். அது கொடுக்கப்படாவிட்டால் ஞாபகசக்தியே நிரந்தரமாய்ப் போய்விடுவதும் உண்டு.

இப்போது அந்த அம்மாள் சொன்னதை மறுபடியும் நினைத்துப் பாருங்கள். இரண்டாம் நாள் வலிப்பு. மூன்றாம் நாள் இரவு பூச்சியும், செத்துப் போன தகப்பனாரும். இதில் பேய் எங்கே இருக்கின்றது? எந்தப் பேயாவது டாக்டர் புத்தகத்தில் எழுதியிருக்கும் மணிக்கணக்குப்படி வந்து போகுமா? பேய் பிடித்தது என்று தூணில் கட்டினவர்கள் கெட்ட எண்ணத்தோடு கட்டவில்லை. பிழைக்க வேண்டுமென்றே கட்டினார்கள். ஆனால் அறியாமை கெட்ட எண்ணம் இல்லாமலேயே ஆளைக் கொன்றுவிடக் கூடியது. சத்தியம் வாங்குவதும், கயிறு கட்டுவதும், மாலை போடுவதும் ஒன்றும் செய்யாத வெறும் பைத்தியக்காரத்தனமாய் இருந்தாலும் போகட்டும் என்று விட்டுவிடலாம். இங்கோ அவை முற்றிய குடிநோயாளியை வைத்தியமில்லாமல் ஒரே நாளில் நிறுத்தச் செய்து ஆபத்தில் தள்ளுகின்றன. பிழைத்தால் சாமிக்குப் பெருமை, செத்தால் விதியின் பேரில் பழி. இந்தக் கணக்கில் சாமி ஒருநாளும் தோற்பதில்லை. தோற்கின்றது பெண்டாட்டி பிள்ளைகளேயாகும்.

ஆகையால் நல்ல எண்ணத்தோடு நிலையம் நடத்தும் தோழர்களுக்கு நாம் சொல்லுவது: அனுபவம் வேண்டும், அன்பு வேண்டும், ஆனால் முதல் வாரத்துக்கு டாக்டர் இல்லாமல் அவை போதா. கேட்டைப் பூட்டிவிட்டு வலிப்பு வராமலிருக்க வேண்டுமே என்று கும்பிட்டுக் கொண்டிருக்கும் நிலையமும், தூணில் கட்டிவிட்டுக் கும்பிட்டுக் கொண்டிருக்கும் பூசாரியும் ஒரே காரியத்தைத்தான் செய்கின்றார்கள்.

“குடி ஒரு வியாதியா? கொழுப்பெடுத்துக் குடிக்கின்றான், மனதிலே உறுதி இருந்தால் விட்டுவிட மாட்டானா?” என்று கேட்கின்ற கனவான்களும் உண்டு. முதல் நாள் குடித்தது அவன் இஷ்டம் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் பத்தாவது வருஷத்தில் கை நடுங்கிக்கொண்டு காலையில் குடிக்கின்றானே, அது இஷ்டமா? வெயிலில் நின்று வேலை செய்து சம்பாதித்த கூலியைப் பிள்ளையின் வயிற்றுக்குக் கொடுக்காமல் சீசாவுக்குக் கொடுக்க எந்த மனிதன் இஷ்டப்படுவான்? பாவம், பூர்வ ஜென்ம வினை, ஜாதிப்புத்தி என்று பேசுகின்றவர்களுக்கு இச்சட்டத்தின் 3-வது பிரிவு நல்ல பதில் சொல்லுகின்றது. ஒருவனுடைய ஜாதி, மதம், அந்தஸ்து இவைகளைக் கொண்டோ, ஊராருடைய ஒழுக்க வழக்கத்துக்கு அவன் மாறுபட்டிருக்கின்றான் என்பதைக் கொண்டோ அவனுக்கு மனநோய் இருப்பதாகத் தீர்மானிக்கக் கூடாது என்று அது கூறுகின்றது. அதாவது தீர்மானிக்க வேண்டியவன் வைத்தியன். நாட்டாண்மையுமல்ல, குருக்களுமல்ல, பணம் கட்டுகின்ற மாமனாருமல்ல.

பட்டாசுத் தொழில் நடக்கும் நமது சீமையில் இதற்கு இன்னொரு முக்கியமும் உண்டு. மருந்துக் கலவையில் ஒரு உராய்வு, ஒரு அதிர்ச்சி போதும், ஒரு அறையே போய்விடும். அந்த அறையில் நடுங்குகின்ற கையோடு ஒருவர் உட்கார்ந்திருப்பது அவருக்கு மாத்திரமல்லாமல் பக்கத்தில் இருக்கின்றவர்களுக்கும் ஆபத்தாகும். இதைச் சொல்லுவதால் விபத்துக்கெல்லாம் தொழிலாளியின் குடியே காரணம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளப் பார்க்கும் முதலாளிகளுக்கு நாம் சிபாரிசு செய்வதாக யாரும் நினைக்க வேண்டாம். அளவுக்கு மேல் மருந்து வைப்பதும், ஒரு அறையில் அளவுக்கு மேல் ஆட்களை உட்கார வைப்பதும், உள்குத்தகைக்கு விடுவதும் யாருடைய குற்றம் என்பது ஊரறிந்த சங்கதி. நாம் சொல்லுவதெல்லாம், கை நடுங்குகின்றவனை வேலையை விட்டுத் துரத்துவது வைத்தியமல்ல. அவனை வைத்தியத்துக்கு அனுப்பி, குணமானபின் அதே வேலையையோ அபாயமில்லாத வேறு வேலையையோ கொடுப்பதுதான் முதலாளிக்கும் லாபம் என்பதாகும்.

சரி, “அவரே வந்து கையெழுத்துப் போட்டால்தான்” என்ற சங்கதி என்ன? சட்டம் சொல்லுவது இதுதான். தன் நிலைமையைப் புரிந்து கொள்ளக் கூடியவர் தாமாகவே வந்து சேரலாம். தாமாகவே வெளியேறவும் செய்யலாம். இது பொது விதி. ஆனால் அவர் தன்னையே மாய்த்துக் கொள்ளுவதாக மிரட்டினாலும், பிறரைத் தாக்கினாலும், தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாத நிலையில் இருந்தாலும், அவருடைய நியமனப் பிரதிநிதி மனுச் செய்து கொள்ளலாம். ஒரு மனநல டாக்டரும், இன்னொரு டாக்டர் அல்லது மனநலத் தொழிலாளரும் தனித்தனியே பரிசோதித்து அவசியமென்று கண்டால் 30 நாள் வரை வைத்து வைத்தியம் செய்யலாம். இதைப் பரிசீலனை போர்டுக்குத் தெரிவிக்க வேண்டும். வலிப்பு, பிரக்ஞை தப்புதல் போன்ற உயிருக்கு ஆபத்தான அவசரத்தில் பதிவு பெற்ற எந்த டாக்டரும் 72 மணி நேரம் வரை வைத்தியம் செய்து பெரிய ஆஸ்பத்திரிக்கும் அனுப்பலாம். ஆகவே “சட்டம் வந்து விட்டது, ஒன்றும் செய்வதற்கில்லை” என்று அந்த அம்மாளிடம் சொன்னது சரியல்ல. வேனில் தூக்கி வருவதைத்தான் சட்டம் நிறுத்திற்றேயொழிய, வைத்தியத்தை நிறுத்தவில்லை. போர்டு இல்லாத நிலையமோ சட்டத்துக்கே விரோதமானது.

கஞ்சா முதலியவைகளில் விழுந்த வாலிபர்களுக்கும் ஒரு வழி இருப்பதைச் சொல்லி வைக்கின்றோம். 1985-ம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டத்தின் 64-ஏ பிரிவின்படி, சொற்ப அளவு வைத்திருந்து அகப்பட்ட அடிமை ஒருவன் தானே முன்வந்து அங்கீகாரம் பெற்ற இடத்தில் வைத்தியம் செய்துகொண்டு முடித்தால் அவனுக்கு வழக்கிலிருந்து விலக்கு உண்டு. எத்தனை தாய் தகப்பன்மாருக்கு இது தெரியும்?

இனி சர்க்காரின் சங்கதிக்கு வருவோம். டெல்லியிலுள்ள எய்ம்ஸ் என்னும் பெரிய ஆஸ்பத்திரியார் இந்திய சர்க்காருக்காக எடுத்து 2019-ம் வருஷத்தில் வெளியிட்ட கணக்குப்படி, இந்தியாவில் மதுவினால் ஏற்பட்ட கோளாறுக்கு உதவி தேவைப்படுகின்றவர்கள் 5 கோடியே 70 லட்சம் பேர். முற்றிய குடிநோயாளிகள் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு வைத்தியம் கிடைத்திருக்கின்றது. ஆஸ்பத்திரியில் தங்கி வைத்தியம் பெற்றவர் 180-ல் ஒருவர். இதுதான் நிலைமை. மற்ற 37 பேருக்குச் சங்கிலியும் வேண்டாம், சட்டமும் வேண்டாம்; அவர்களுக்கு வாசற்படியே இல்லை.

நமது மாகாணத்திலோ சில்லறை மது வியாபாரத்தை 2003-ம் வருஷத்தில் சர்க்காரே ஏகபோகமாய் எடுத்துக் கொண்டார்கள். 2024-25-ம் வருஷத்தில் இவ்வியாபாரத்தால் சர்க்கார் கஜானாவுக்கு வந்தது 48 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். மதுவிலக்கைப் பற்றி நாம் இங்கு விவாதம் செய்யப் போவதில்லை. 1937-ல் சேலம் ஜில்லாவில் ஆரம்பித்ததும், 1948-ல் மாகாணம் பூராவும் வந்ததும், 1971-ல் நீக்கினதும், 1974-ல் மறுபடி போட்டதும், 1981-ல் மறுபடி எடுத்ததும் எல்லோருக்கும் தெரிந்தவையே. சட்டம் போட்டபோது கள்ளச்சாராயமும், எடுத்தபோது கடைச் சாராயமும் ஏழையைத் தேடி வந்தன. 2024-ம் வருஷம் ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த விஷச் சாராயத்துக்கு 65-க்கு மேற்பட்டவர்கள் பலியானார்கள். உடனே சட்டத்தைத் திருத்தி, சாவுக்குக் காரணமானவனுக்கு ஆயுள் தண்டனை வரையிலும், 10 லட்சத்துக்குக் குறையாத அபராதமும் விதித்தார்கள். விற்கின்றவனைத் தண்டிப்பது சரியே. ஆனால் விற்கின்றவனைத் தண்டிப்பது ஒரு காரியம். குடித்தவனைக் குணப்படுத்துவது வேறு காரியம். முன்னதற்குச் சட்டசபை சில நாட்களில் கூடி முடிவு செய்கின்றது. பின்னதற்கு ஏன் அவ்வளவு அவசரமில்லை?

இந்த மனநலச் சட்டத்தின் 18-வது பிரிவை வாசகர்கள் கவனிக்க வேண்டுகின்றோம். ஒவ்வொருவருக்கும் அவர் குடியிருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே வைத்தியம் கிடைக்கச் செய்வது சர்க்காரின் கடமை. தூர தேசத்துக்கு அலைய விடக் கூடாது. வறுமைக்கோட்டுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு சர்க்கார் நடத்தும் இடங்களிலும், சர்க்கார் பணம் பெறும் இடங்களிலும் இலவசமாய் வைத்தியம் செய்ய வேண்டும். குறைந்தபட்ச சேவைகள் ஜில்லாவில் இல்லாமல் போனால், அந்த ஜில்லாவிலுள்ள வேறு எந்த மனநல நிலையத்துக்கும் நோயாளி போகலாம். அந்தச் செலவை சர்க்கார் ஏற்க வேண்டும். இவ்வளவும் அச்சில் இருக்கின்றது. அபராதம் விதிக்கும் பிரிவை நிலையக்காரருக்குப் படித்துக் காட்டுகின்ற உத்தியோகஸ்தர்கள், செலவை ஏற்க வேண்டிய இந்தப் பிரிவை ஜனங்களுக்கு எப்போதாவது தண்டோராப் போட்டதுண்டா? ஏழைத் தொழிலாளிக்கு வைத்தியம் செய்யும் யோக்கியமான நிலையத்துக்கு இப்பிரிவின்படி பணம் ஒழுங்காய் வருமானால், டாக்டருக்குக் கொடுக்கப் பணமில்லை என்ற பேச்சுக்கே இடமிருக்காதல்லவா?

சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லை என்று நாம் சொல்ல வரவில்லை. விருதுநகரில் 2022-ம் வருஷத்தில் மருத்துவக் கல்லூரி ஏற்பட்டது. 2025-ம் வருஷத்தில் 25 அரசு ஆஸ்பத்திரிகளில் ‘கலங்கரை’ என்னும் பெயரில் போதை மீட்பு நிலையங்கள் தொடங்கப்பட்டன. இவை நல்ல காரியங்கள். ஆனால் மாகாணம் பூராவுக்கும் 25 எங்கே, கடைகள் எங்கே? 2023-ம் வருஷம் ஜூன் மாதத்தில் 500 கடைகளை மூடின பிறகும் மீதியிருந்தவை 4,800-க்கு மேல். குடிக்க வழி தெருக்கோடியிலும், குடியை விட வழி ஜில்லாத் தலைநகரத்திலும் இருந்தால் ஏழைக் கூலிக்காரன் எந்த வழியில் போவான்?

பஞ்சாபைப் பாருங்கள். அங்கே போதை மருந்துக் கொடுமை அதிகம். மறுவாழ்வு நிலையங்களுக்காக 2011-ல் போட்டிருந்த விதிகளை 2025-ல் மாற்றினார்கள். ஒருவரே பல நிலையங்களை வைத்துக்கொண்டு சங்கிலிக்கடை மாதிரி வியாபாரம் செய்யாமலிருக்க, ஐந்துக்கு மேல் நடத்தக் கூடாது என்றும் விதித்தார்கள். இதிலிருந்து தெரிவது என்ன? சட்டம் போட்ட மாத்திரத்தில் காரியம் முடிந்து விடுவதில்லை. துக்கத்தில் வியாபாரம் செய்கின்றவன் எந்தச் சட்டத்திலும் ஒரு சந்து கண்டுபிடிப்பான். அதை அடைத்துக் கொண்டேயிருக்க வேண்டும் என்பதேயாகும்.

ஆகவே நாம் கேட்பது மிகவும் சாதாரணமானது. பதிவு பெற்ற நிலையங்களின் ஜாபிதாவை ஒவ்வொரு பஞ்சாயத்து ஆபீசிலும் தமிழில் எழுதி ஒட்ட வேண்டும். அதே இடத்தில் நோயாளியின் உரிமைகளையும் எழுதி ஒட்ட வேண்டும். ஒவ்வொரு தாலுக்கா ஆஸ்பத்திரியிலும் குடிநோய்க்கென்று சில படுக்கைகளாவது இருக்க வேண்டும். முதல் வாரத்து ஆபத்தை அங்கேயே கடத்தி விட்டால், பிறகு நிலையக்காரர்களும் குணமான தோழர்களும் மீதியைப் பார்த்துக் கொள்ளக் கூடும். மனநல டாக்டர் வாரத்துக்கு ஒரு நாளாவது கிராமப் பக்கம் வந்து போக ஏற்பாடு வேண்டும். யோக்கியமான சிறு நிலையங்களை அபராதத்தால் மூடிவிடாமல், தவணை கொடுத்து, டாக்டரையும் கொடுத்து, தரத்துக்கு உயர்த்த வேண்டும். சங்கிலி வைத்திருக்கும் நிலையத்தை ஒரு நாள் கூடத் தவணையில்லாமல் மூட வேண்டும். மதுக்கடை வருமானத்தில் ஒரு பங்கை இதற்கென்றே ஒதுக்கி, அதன் வரவு செலவை வருஷா வருஷம் ஜனங்களுக்குக் காட்ட வேண்டும். விற்று வாங்கின பணத்தில் வைத்தியச் செலவு கொடுப்பது தர்மமல்ல, கடன் தீர்ப்பதாகும்.

ஜனங்களுக்கும் ஒரு வார்த்தை. தினசரி குடிக்கின்றவரைச் சத்தியம் வாங்கி ஒரே நாளில் நிறுத்தச் செய்யாதீர்கள். வலிப்பு வந்தால் இரும்பைக் கையில் கொடுத்துக் கொண்டு நிற்காமல் 108 வண்டியைக் கூப்பிடுங்கள். பூச்சி ஊர்கின்றது என்றால் பூசாரியைத் தேடாமல் ஆஸ்பத்திரியைத் தேடுங்கள். போதையிலிருந்து மீள யோசனை சொல்லுவதற்கென்றே 14446 என்ற டெலிபோன் நம்பரை இந்திய சர்க்கார் வைத்திருக்கின்றார்கள். 14416 என்பது மனநலத்துக்கான நம்பர். விட்டவர் மறுபடியும் குடித்துவிட்டால் துரோகி என்று துரத்தாதீர்கள். மலேரியா திரும்பி வந்தால் நோயாளியையா உதைக்கின்றோம்?

கடைசியாக, அந்த அம்மாளுக்கு என்ன சொன்னோம் என்று வாசகர்கள் கேட்கலாம். போர்டு இல்லாத இடத்துக்குப் பணம் கட்ட வேண்டாம் என்றோம். சட்டத்தில் உள்ளதை ஒரு காகிதத்தில் தமிழில் எழுதிக் கொடுத்தோம். புருஷர் தெளிவாயிருக்கும் ஒரு காலை நேரத்தில் அவருடைய மகள் அதைப் படித்துக் காட்டியிருக்கின்றாள். முழுவதையும் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றேயொன்றுதானாம்: “கட்டிப் போட மாட்டாகளா?” மாட்டார்கள் என்றதும், சட்டையை மாட்டிக்கொண்டு தானே புறப்பட்டாராம். இதை எழுதும் நாளில் அவர் சர்க்கார் ஆஸ்பத்திரியில் இருக்கின்றார். கை நடுக்கம் குறைந்திருக்கின்றது என்று அந்த அம்மாள் சொல்லியனுப்பியிருக்கின்றார். அவர் இனிக் குடிக்கவே மாட்டார் என்று நாம் ஜோசியம் சொல்லப் போவதில்லை. ஆனால் இத்தனை வருஷமாய் அவரை வைத்தியத்துக்கு வரவிடாமல் தடுத்தது சாராயம் மாத்திரமல்ல, சங்கிலியைப் பற்றிய பயமுமாகும் என்பது நமக்கு அன்று விளங்கிற்று.

சங்கிலியை எடுத்தது சட்டம். கட்டிலைப் போட வேண்டியது சர்க்கார். பேயை விட்டு டாக்டரைத் தேட வேண்டியது நாம். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் வீணேயாகும்.